சராசரி சார்

காவிரிப் பாசனத்தில் நெல்லுக்கு அடுத்தபடியாக அமோகமாக விளைவது அபிப்பிராயம். நெல்லுக்காவது மேட்டூரில் தண்ணீர் திறக்க வேண்டும்; அபிப்பிராயத்துக்கு ஒரு டீ போதும். அந்த விளைச்சலில் ஒரு தனி ரகம் சராசரி சார். ராஜகிரியில் ஒருவர் இருக்கிறார், கபிஸ்தலத்தில் ஒருவர், அய்யம்பேட்டையில் இரண்டு பேர். அந்த இரண்டு பேருக்குள் பேச்சுவார்த்தை கிடையாது. என்றாலும் முற்றிப் பதம் கண்டது பாபநாசத்து ரகம்தான். அருவி கொட்டுகிற பாபநாசம் திருநெல்வேலிச் சீமை. இது தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் நடுவே, குடமுருட்டிக் கரையில் இருக்கிற பாபநாசம். இங்கே கொட்டுவது புள்ளிவிவரம்.

சாருக்கு வயது எழுபதைத் தொட்டிருக்கும். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். மூன்று ஏக்கர் நஞ்சை. வெள்ளை வேட்டி, மஞ்சள் பை, பைக்குள் நாற்பது பக்க நோட்டும் ரப்பர் பேண்டு சுற்றிய கால்குலேட்டரும். காலை ஏழு மணிக்கு ரயில்வே ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் பேப்பரைப் பிரிப்பார். முதல் பக்கத்தைச் சீண்ட மாட்டார். நேராக வானிலைச் செய்திதான். உடனே சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனா வெளியே வரும். முப்பது வருஷம் பரீட்சைப் பேப்பர் திருத்திய கை, வானிலை ஆய்வு மையம் சொன்னது என்பதற்காகச் சும்மா இருக்குமா? 'இயல்பைவிடக் குறைவு' என்று போட்டிருந்தால், 'இயல்பை' வட்டம் போட்டு ஓரத்தில் 'யாருடைய இயல்பு?' என்று எழுதுவார். அடுத்ததாகப் பேப்பரை வாங்குகிறவருக்குச் செய்தியோடு சேர்த்து அதற்கு விழுந்த மார்க்கும் தெரிந்துவிடும்.

இவரை இன்னொரு ஆசாமியோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. பூமி சூடாவதே வெள்ளைக்காரன் கட்டிவிட்ட கதை என்று காலையில் எழுந்ததும் வாட்ஸப்பில் அனுப்பி வைப்பாரே, அவர் வேறு. அவரைச் சார் கிட்டே சேர்ப்பதில்லை. "அவனுக்குப் பின்னமே தெரியாதுய்யா" என்பார். சாரின் கட்சி நுட்பமானது. "சூடாவலைன்னு நான் எப்ப சொன்னேன்? இவ்வளவு சூடாச்சுன்னு எழுதுறானே, அந்தக் கணக்கு தப்புங்கிறேன்." வானத்தோடு அவருக்கு ஒரு தகராறும் இல்லை. வானத்தைப் பற்றி எழுதி வைத்த பட்டியலோடுதான் தகராறு.

பட்டியலைச் சோதிப்பதற்கென்றே வீட்டு மொட்டை மாடியில் சொந்தமாக மழைமானி வைத்திருக்கிறார். ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில். பக்கவாட்டில் பள்ளிக்கூடத்து ஸ்கேல் ஒன்றை நூலால் கட்டியிருக்கும். மேலே முருங்கைக் கிளை. அரசாங்க மழைமானிக்குச் சட்டதிட்டம் உண்டு: திறந்த வெளியில் இருக்க வேண்டும், பக்கத்தில் மரமோ சுவரோ இருந்தால் அதன் உயரத்தைப்போல் இரண்டு மடங்காவது தள்ளி இருக்க வேண்டும், தினமும் காலை 8.30-க்கு அளவு எடுக்க வேண்டும். சாரின் மழைமானிக்கு ஒரே விதிதான்: காபி குடித்த பிறகு பார்ப்பது. பாட்டில் அளவைவிடப் பேப்பரில் மழை கூடுதலாக இருந்தால் "ஏத்தி எழுதுறான்." குறைவாக இருந்தால் "மறைக்கிறான்." இரண்டும் ஒன்றாக இருந்துவிட்டால் அன்றைக்கு நோட்டில் எதுவும் எழுத மாட்டார். அதில் செய்தி இல்லையே.

எதிர்வீட்டுப் பெண் வேளாண் கல்லூரியில் படித்துவிட்டு வந்தவள். ஒரு நாள் மாடிக்கு வந்து பாட்டிலைப் பார்த்தாள்.

"சார், இதுக்கு வாய் சின்னது, வயிறு பெருசு. மழை வாய் அளவுக்குத்தானே உள்ள விழும்? வயிறு அளவுக்குல்ல பரவுது. அப்ப பெய்ஞ்சதைவிடக் கம்மியாத்தானே காட்டும்?"

"தெரியும்மா. அதுக்குத்தான் முருங்கைக்குக் கீழ வச்சிருக்கேன். மரம் சொட்டுறது அதைச் சரிக்கட்டிடும்."

அவள் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. உலகம் பூராவும் வானிலை நிலையங்கள் இடம் மாறும், கருவி மாறும், அளவெடுக்கும் நேரம் மாறும். அதையெல்லாம் கணக்கில் எடுத்துக்கொண்டு பழைய அளவுகளை விஞ்ஞானிகள் திருத்தினால், சாரின் அகராதியில் அது தில்லுமுல்லு. முருங்கை மரம் திருத்தினால் சரிக்கட்டு.

ஆனால் ஆளைப் பைத்தியம் என்று ஒதுக்கிவிட முடியாது. வடகிழக்குப் பருவமழைக்குத் தமிழ்நாட்டின் இயல்பு அளவு, அக்டோபர் முதல் டிசம்பர் வரை, சுமார் 44 செ.மீ. இதில் 19 சதவீதம் கூடினாலும் குறைந்தாலும் 'இயல்பு' என்றுதான் வானிலைத் துறை எழுதும். இந்த 19-ஐக் கண்டால் சாருக்கு ரத்தம் கொதிக்கும்.

"பத்தொம்பது பர்சென்ட் குறைஞ்சாலும் இயல்பாம்! அவன் சம்பளத்துல பத்தொம்பது பர்சென்டைப் புடிச்சுட்டு 'இயல்பு'ன்னு சொல்லிப் பாருங்களேன், சும்மா இருப்பானா?"

டீ மாஸ்டர் முதற்கொண்டு எல்லோரும் தலையாட்டுவார்கள். ஆட்டவேண்டிய இடம்தான். 2008 நவம்பரில் நிஷா புயல் வந்தபோது ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 66 செ.மீ. பெய்தது. மாநிலத்துக்கு மூன்று மாதத்தில் வரவேண்டியதன் சராசரியைவிட ஒன்றரை மடங்கு, ஒரே நாளில். 2016-இல் அதே பருவமழை இயல்பைவிட 62 சதவீதம் குறைந்து, டெல்டா முழுக்கக் கருகியது. வெள்ள வருஷத்தையும் வறட்சி வருஷத்தையும் கூட்டி இரண்டால் வகுத்தால் சராசரி ஒழுங்காகத்தான் வரும். இரண்டு வருஷமும் வீட்டுக்கு நெல் வந்திருக்காது. இந்த உண்மையைச் சாரைவிடத் தெளிவாகச் சொல்ல ஆளில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், பருவநிலை விஞ்ஞானிகளும் அதையேதான் சொல்கிறார்கள்: சராசரியை மட்டும் பார்க்காதே, உச்சத்தையும் பார், வறட்சியையும் பார், எந்த நாளில் பெய்தது என்று பார். இதைச் சாரிடம் சொன்னால், "நான் சொன்னதைப் பாத்து எழுதியிருப்பான்" என்பார்.

கேள்வி கேட்பதில் சாரை அடித்துக்கொள்ள முடியாது. பதில் வரும் நேரத்தில்தான் சங்கடம். சரியாக அப்போதுதான் அவருக்கு பஸ் வந்துவிடும், அல்லது பேரனுக்கு ட்யூஷன் விட்டுவிடும்.

ஒரு டிகிரி விவகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தொழிற்சாலைக் காலத்துக்கு முன்பிருந்ததைவிடப் பூமியின் சராசரி வெப்பம் சுமார் 1.1 டிகிரி ஏறிவிட்டதாக ஐ.நா.வின் பருவநிலைக் குழு 2021-இல் சொன்னது. 1901-இலிருந்து 2018-க்குள் இந்தியாவில் ஏறியது சுமார் 0.7 டிகிரி என்று 2020-இல் நம் புவி அறிவியல் அமைச்சகத்தின் அறிக்கை சொன்னது. சார் சிரிப்பார். "பாயிண்ட் ஏழு! நெழல்லேருந்து வெயிலுக்கு வந்தாலே அதுக்கு மேல ஏறுதே." இரவு வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் நெல் விளைச்சல் பத்து சதவீதம் வரை குறைகிறது என்று பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் தன் வயல்களில் பார்த்ததை 2004-இல் வெளியிட்டது. எதிர்வீட்டுப் பெண் அதை எடுத்துச் சொன்னாள். "பிலிப்பைன்ஸ் நெல்லு சொகுசும்மா. நம்ம நெல்லு தாங்கும்" என்று முடித்துவிட்டார்.

சரி, தசமப் புள்ளிக்கு வலது பக்கம் இருப்பதை அவர் மதிக்கமாட்டார் போலிருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். காவிரிப் பேச்சை எடுங்கள். 2007-இல் நடுவர் மன்றம் பிலிகுண்டுலுவில் கர்நாடகத்தை நமக்குத் தரச் சொன்னது 192 டி.எம்.சி.; 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை 177.25 ஆக்கியது. "நூத்தி எழுபத்தேழு" என்று யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால் சார் டீ கிளாஸைக் கீழே வைத்துவிடுவார். "புள்ளி இரண்டு அஞ்சை எவன் அப்பன் வீட்டுச் சொத்துன்னு விட்டே? இருபத்தஞ்சு கோடி கன அடிய்யா!" அந்தக் காலுக்குக் கால் அங்குலம் விட்டுக்கொடுக்காதவர், பூமிக்கு ஏறிய ஒரு டிகிரியைப் போனால் போகட்டும் என்பார். சந்தேகம் என்பது சாரிடம் பொதுச்சொத்தாக இல்லை. தனக்கு ஒத்துவராத எண்ணுக்கு மட்டுமே செலவழிக்கிறார்.

எல்லா வாதமும் ஓய்ந்த பிறகு அவர் எடுக்கும் பிரம்மாஸ்திரம் 2035. கதை உண்மையானது. ஐ.நா. குழுவின் 2007 அறிக்கை, இமயமலைப் பனியாறுகள் 2035-க்குள் மறைந்துபோகக் கூடும் என்று எழுதிவிட்டது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் இருந்து ஓய்வுபெற்ற வி.கே. ரெய்னா, 2009 நவம்பரில் ஒரு கட்டுரையில் இதை மறுத்தார்; அப்போது சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த ஜெய்ராம் ரமேஷ் அதை வெளியிட்டார். ஐ.நா. குழுவின் தலைவராக இருந்த பச்சௌரி முதலில் எகிறிக் குதித்தார். 2010 ஜனவரியில் குழு தன் தவறுக்கு வருத்தம் தெரிவித்தது. 2350 என்று ஒரு பழைய ஆய்வில் இருந்ததுதான் இலக்கம் மாறி 2035 ஆகிவிட்டதோ என்று கிரஹாம் காக்லி என்ற பனியாற்று ஆய்வாளர் தேடிக் கண்டுபிடித்துச் சொன்னார்.

"எண்ணை மாத்திப் போட்டுட்டான்யா! அஞ்சாங்கிளாஸ் பையன் பண்ற தப்பு!" இந்த இடம் வரும்போது சாரின் முகத்தில் ஒரு தேஜஸ் வரும். பாபநாசம் டீக்கடையில் பனியாற்றைக் கண்ணால் பார்த்தவர் யாருமில்லை. ஆனால் இந்தக் கதையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் மாஸ்டர் சொல்லுவார். சொல்லாமல் விடுகிற பாகம் ஒன்று உண்டு. தப்பைப் பிடித்தவர்கள் பனியாற்றிலேயே ஏறி இறங்கிக் காலம் கழித்தவர்கள். 2035 தப்பு என்று சொன்ன காக்லியின் கூட்டம், பனியாறுகள் உருகிச் சுருங்குவது தப்பு என்று சொல்லவில்லை.

கனடாவிலிருந்தும் சாருக்கு ஒரு தோழர் உண்டு. தோழருக்குத்தான் அது தெரியாது. டொரண்டோவில் சுரங்கத் தொழிலில் இருந்த ஸ்டீபன் மெக்கின்டயர். மர வளையங்களையும் மற்றவற்றையும் வைத்துப் பழைய காலத்து வெப்பத்தைக் கணக்கிட்டு பருவநிலை விஞ்ஞானி மைக்கேல் மேனும் சகாக்களும் 1998-இல் ஒரு வரைபடம் போட்டார்கள். தொழில்முறை விஞ்ஞானி அல்லாத மெக்கின்டயர், பொருளாதாரப் பேராசிரியர் ராஸ் மெக்கிட்ரிக்கோடு சேர்ந்து 2003-இல் அந்தக் கணக்கில் ஓட்டை இருக்கிறது என்று எழுதினார். 2006-இல் அமெரிக்க தேசிய ஆராய்ச்சி மன்றம் ஒரு குழுவைப் போட்டு விசாரித்தது. கணக்கு முறையில் சொன்ன குறை சரிதான் என்றது குழு. அதைச் சரிசெய்து பார்த்தாலும், கடந்த 400 வருஷத்தில் இருபதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதிபோல் சூடான காலம் இல்லை என்று மிகுந்த நம்பிக்கையோடு சொல்லலாம் என்றும் சொன்னது. சார் முதல் வாக்கியத்தோடு பேப்பரை மடித்து வைத்துவிடுவார்.

கலிபோர்னியாவில் ரிச்சர்ட் முல்லர் என்று ஓர் இயற்பியல் பேராசிரியர். நிலையங்கள் ஊருக்கு நடுவே சூட்டில் இருக்கின்றன, அளவுகளைத் திருத்துகிறார்கள், தோதானவற்றைப் பொறுக்கி எடுக்கிறார்கள் என்று சார் கேட்கிற அத்தனையையும் அவரும் கேட்டார். பெட்ரோலியத் தொழிலில் கொழித்த கோக் குடும்பத்தின் அறக்கட்டளையும் அந்த ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தது. அதுவரைக்கும் அவர் "நம்மாளு." அவர் உட்கார்ந்து உலகத்து நிலையங்களின் அளவுகளையெல்லாம் முதலிலிருந்து போட்டுப் பார்த்தார். 250 வருஷத்தில் நிலப்பரப்பின் வெப்பம் சுமார் ஒன்றரை டிகிரி ஏறியிருக்கிறது, காரணம் அநேகமாக முழுக்க மனிதர்கள்தான் என்று 2012-இல் எழுதினார். செய்தி பாபநாசம் வந்து சேர்ந்தபோது சார் உதட்டைப் பிதுக்கினார். "வெலை போயிட்டான்."

இத்தனைக்கும் இந்திய வானிலைத் துறையையே இருபது வருஷம் நடத்தியவர் ஒரு கணக்கு வாத்தியார் ஜாதிதான். கில்பர்ட் வாக்கர், கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தவர். 1904-இல் பொறுப்பேற்றபோது வானிலைப் படிப்பு படித்தவரல்ல. பருவமழை ஏன் பொய்க்கிறது என்று கேட்டுக்கொண்டு, எங்கெங்கோ இருக்கும் ஊர்களின் காற்றழுத்தக் கணக்கையெல்லாம் வரவழைத்து ஒன்றோடொன்று ஒப்பிட்டுக்கொண்டே இருந்தார். நூறு ஊரோடு ஒப்பிட்டால் ஏதோ ஒன்று தற்செயலாகவே பொருந்தித் தொலைக்கும், அதைக் கண்டு ஏமாறாதே என்று அந்தக் காலத்திலேயே தனக்குத்தானே கடிவாளம் போட்டுக்கொண்டவர். கடைசியில் பசிபிக் கடலுக்கும் நம் மழைக்கும் இருக்கிற உறவு அகப்பட்டது. இன்றைக்கு எல் நினோ என்று பேப்பரில் வருகிறதே, அதன் சங்கிலியில் ஒரு கண்ணி அவர் கண்டுபிடித்தது. சாருக்கு எல் நினோ என்றாலே ஒரு நக்கல்: "பெரு நாட்டுக் கடல் சுட்டா பாபநாசத்துல குடை விரிக்கணுமா?" வாக்கரும் முதலில் இதே கேள்வியைத்தான் கேட்டிருப்பார். அவருக்கு பஸ் வரவில்லை.

வெளியூர் எடுபடாவிட்டால் சார் உள்ளூருக்கு இறங்குவார். திருப்பாலைத்துறைப் பாலைவனநாதர் கோயிலில் நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் ஒன்று இருக்கிறது. செங்கல்லால் எழுப்பிய பிரம்மாண்டம், பதினேழாம் நூற்றாண்டு. "நானூறு வருஷத்துக்கு முந்தியே வறட்சிக்குப் பயந்துதானே இதைக் கட்டினான்? அப்ப எந்தக் காருலேருந்து புகை வந்துச்சு?" கேள்வி கெட்டிதான். வறட்சி அன்றைக்கும் இருந்தது. ஆனால் அதைக் கட்டியவன் 'வறட்சி புதுசா என்ன?' என்று கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடவில்லை. கலம் கலமாக அளந்து சேர்த்தான்.

இவ்வளவு கேட்ட பிறகு, மனிதர் ஊருக்குச் சுமை என்று தோன்றினால் அவரை அறுவடைக் காலத்தில் வயல் வரப்பில் பார்க்க வேண்டும். பயிர்க் காப்பீட்டுக்காகப் பயிர் அறுவடைப் பரிசோதனை நடக்கும். சர்வே நம்பரைச் சமவாய்ப்பு முறையில் எடுத்து, வயலில் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் அளந்து, முளையடித்துக் கயிறு கட்டி, அதற்குள் இருப்பதை மட்டும் அறுத்து எடை போடுவார்கள். இப்படிச் சில துண்டுகளை வைத்துத்தான் கிராமத்துக்கே விளைச்சல் தீர்மானமாகும். விளைச்சல் குறைந்தால்தான் இழப்பீடு. சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கிவிடுவார். கயிறு ஒரு நெற்குத்தின் நடுவே ஓடுகிறது. அது உள்ளேயா, வெளியேயா? அறுக்கிறவர் அரிவாளை உள்பக்கமாகக் கொண்டுபோவார். சார் முழங்காலிட்டு, குத்தை அடியோடு விலக்கி, வேர் எந்தப் பக்கம் என்று விரலால் காட்டுவார்.

"வேர் வெளியில இருக்கு. கதிர் உள்ள சாய்ஞ்சிருக்கு. கதிரைப் பாத்து அறுக்காதே, வேரைப் பாத்து அறு."

வந்திருக்கும் அலுவலர் இளவயசு. "ஒரு குத்துல என்ன சார் வந்துடப் போவுது?" என்பார்.

"நாலு பக்கமும் ஓரத்துக் குத்தை உள்ள இழுத்தீன்னா அது ஊரோட விளைச்சல் ஆயிடும்யா."

1940-களில் புள்ளியியல் அறிஞர் பி.வி. சுகாத்மே இதைத்தான் கணக்கோடு காட்டினார். வெட்டுகிற துண்டு சிறுக்கச் சிறுக்க ஓரத்துப் பயிர்கள் உள்ளே நழுவி, விளைச்சலைக் கூட்டிக் காட்டிவிடும் என்றார். சிறு துண்டே போதும் என்ற மகலனோபிஸ் தரப்போடு அவருக்கு நடந்த வாக்குவாதம் புள்ளியியலில் பேர்போனது. சார் சுகாத்மேயைப் படித்தவரல்ல. மூன்று ஏக்கர் படிக்க வைத்தது. அன்றைக்கு அவர் கேள்வியும் கேட்பார், பதிலுக்காகச் சேற்றில் முழங்கால் போட்டு உட்காரவும் செய்வார். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று நெல்லைத் திருப்பினால் மீட்டரை மறுபடி வைக்கச் சொல்லி, மூட்டைக்கு மேலிருந்து எடுக்காதே, நடுவிலிருந்து எடு என்று மாதிரி எடுக்கும் இலக்கணம் சொல்வார். அவருக்குப் பின்னால் நிற்கிற பத்து விவசாயிகளுக்கும் அதில் நியாயம் கிடைக்கும். தன் வயலுக்கு வாய்க்கிற இந்தப் பொறுமையில் காலணா பங்கு பூமிக்கும் கிடைத்தால் வாக்கருக்கு வாரிசு ஆகியிருப்பார்.

வாய் என்ன சொன்னாலும் கை அதை நம்பவில்லை என்பதுதான் சாரின் தனிச் சிறப்பு. பல வருஷமாகச் சம்பாவுக்குச் சி.ஆர்.1009 போட்டுக்கொண்டிருந்தவர், இப்போது சி.ஆர்.1009 சப்-1 போடுகிறார். இரண்டு வாரம்வரை வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்தாலும் தாக்குப்பிடிக்கட்டும் என்று மரபணு சேர்த்து உருவாக்கிய ரகம். ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டால், "விதை நல்லா இருந்துச்சு" என்பார்.

எதிர்வீட்டுப் பெண் ஒரு முறை அவருடைய நோட்டுகளைக் கேட்டாள். இத்தனை வருஷத்து மழைக்கணக்கு சும்மா கிடக்கிறதே, கம்ப்யூட்டரில் ஏற்றி மாசவாரியாக என்ன மாறியிருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன் என்றாள். சார் மஞ்சள் பையை மடிக்கு இழுத்துக்கொண்டார்.

"வேணாம்மா. கூட்டினா சராசரி வந்துடும்."

அப்புறம் நவம்பர் வந்தது. சம்பாவுக்குக் காப்பீடு கட்டக் கடைசித் தேதி நெருங்கியது. பொதுச் சேவை மையத்தில் வரிசை வாசல் தாண்டி நின்றது. வரிசையில் முதல் ஆள் சார். கையில் அடங்கல், பாஸ்புக், ஆதார் மூன்றுக்கும் மும்மூன்று நகல். பின்னால் நின்ற டீக்கடை சகா வாயை அடக்க முடியாமல் கேட்டுவிட்டார்.

"ஏன் சார், கிளைமேட்டு ஒண்ணும் மாறலைன்னு தினம் சொல்றீங்க. அப்புறம் எதுக்கு இன்சூரன்ஸ்?"

சார் திரும்பிப் பார்த்தார். கணக்குத் தெரியாத பையனைப் பார்க்கிற அதே பார்வை.

"மாறலைன்னு எனக்குத் தெரியும்யா. மழைக்குத் தெரியணுமே?"